மொத்த மின்விலை ஏறுகிறது: நகர மின்துறைக்கு முன்னுள்ள ஐந்து வழிகள்

அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 ஊர்கள் தங்கள் மின்விநியோகத்தைத் தாங்களே நடத்துகின்றன. கம்பமும் கம்பியும் துணைமின் நிலையமும் ஊருக்குச் சொந்தம். அவற்றில் ஓடும் மின்சாரத்தை மட்டும் பெரும்பாலான ஊர்கள் வெளியிலிருந்து வாங்குகின்றன. அந்தக் கொள்முதலுக்கே மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போய்விடும். பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒப்பந்தம் முடியும் நேரத்தில் புதிய விலைப்புள்ளிகளைப் பார்க்கும் நகரமன்றங்கள் திகைத்து நிற்கின்றன. பழையவரிடமே நீட்டிப்பதா, சந்தையில் வாங்குவதா, ஏதாவது ஒரு மின்நிலையத்தில் பங்கு எடுப்பதா, பேட்டரி போடுவதா, இல்லை, மின்துறையையே விற்றுக் கையைக் கழுவிவிடுவதா?

விலைப்புள்ளியில் இருக்கும் 'யூனிட்டுக்கு இத்தனை சென்ட்' என்ற ஒற்றை எண்ணை வைத்து இதை முடிவுசெய்யக் கூடாது. மலிவாகத் தெரியும் ஒவ்வொரு வழியும் ஏதோ ஒரு ஆபத்தை ஊரின் தலையில் இறக்கிவிட்டுத்தான் மலிவாகிறது. அது எந்த ஆபத்து, அது வரும் மாதத்தில் கல்லாவில் பணம் இருக்குமா என்பதை வைத்தே கீழே ஒப்பிட்டிருக்கிறோம்.

## அளவுகோல்கள்

கணக்குக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். உச்சத் தேவை 40 மெகாவாட். சுமைக் காரணி 50 சதவீதம், அதாவது ஆண்டு முழுவதன் சராசரித் தேவை உச்சத்தில் பாதி. அப்படியானால் ஆண்டுக்கு 1,75,200 மெகாவாட்-மணி, நம் பேச்சில் 17.52 கோடி யூனிட். ஆண்டுச் செலவு 2 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

சுமையின் வடிவம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் ஊர் எவ்வளவு இழுத்தது என்ற பதிவு குறைந்தது மூன்று ஆண்டுக்காவது கையில் வேண்டும். மொத்த மீட்டரின் பதிவுகள் இப்போதைய விற்பனையாளரிடம் இருக்கும். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் கேட்டால் இழுத்தடிப்பார்கள், இப்போதே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். அவற்றை இறங்குவரிசையில் அடுக்கி, மேலே உள்ள 100 மணி நேரம் எந்த மாதம், எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் செலவு ஏறுவதன் மர்மம் அந்த 100 மணிக்குள் அடங்கியிருக்கும்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. கிழக்கு அமெரிக்காவில் 13 மாநிலங்களுக்கு மின்சந்தை நடத்தும் பி.ஜே.எம். அமைப்பில், மின்நிலையங்கள் தயாராக நிற்பதற்கென்றே தனியாகத் திறன் கட்டணம் உண்டு. 2024-25-இல் அது ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலர். 2025-26-இல் 269.92. 2026-27 ஏலத்தில் உச்சவரம்பையே தொட்டு 329.17 ஆனது. இருப்பு விகிதம் (உச்சத் தேவைக்கு மேல் வைத்திருக்கும் கூடுதல் திறன்) போன்ற திருத்தங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் 40 மெகாவாட் ஊரின் திறன் கட்டணம் ஆண்டுக்கு 4.2 லட்சம் டாலரிலிருந்து 39.4 லட்சத்துக்கும், பிறகு 48 லட்சத்துக்கும் தாவுகிறது. முதல் தாவலை யூனிட்டுகளில் வகுத்தால் யூனிட்டுக்கு 2 சென்ட் ஏற்றம். இதே உச்சம் கொண்ட, சுமைக் காரணி 65 சதவீதமான ஊருக்கு ஏற்றம் சுமார் ஒன்றரை சென்ட்தான். ஒரே சந்தையில், ஒரே விலையில் இரண்டு ஊர்களுக்கு இரண்டு விதமான அடி.

ஆபத்து யாரிடம்? இது நான்கு வகை. சந்தை விலை ஏறுவது ஒன்று. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவோ குறைவாகவோ யூனிட் தேவைப்படுவது இரண்டு. தேவைப்படும் நேரமும் கிடைக்கும் நேரமும் பொருந்தாமல் போவது மூன்று. மின்சாரம் வாங்கிய இடத்துக்கும் ஊருக்கும் நடுவே கம்பித்தடத்தில் நெரிசல் ஏற்பட்டு விலை வேறுபடுவது நான்கு. விலைப்புள்ளி ஒவ்வொன்றிலும் இந்த நான்கையும் யார் சுமக்கிறார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். கடைசி இரண்டையும் பலர் கேட்பதே இல்லை.

கையிருப்பு நாட்கள். வருமானமே இல்லாவிட்டாலும் எத்தனை நாள் செலவைத் தாங்கலாம் என்ற எண். நம் ஊருக்கு 90 நாள் என்றால் சுமார் 49 லட்சம் டாலர்.

இவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகள்: ஒப்பந்தத்திலிருந்து வெளியேற எவ்வளவு காலமும் பணமும் ஆகும்? இதைத் தினமும் கவனிக்க ஆள் இருக்கிறதா?

## வழி 1: முழுத்தேவை ஒப்பந்தம்

ஊர் எவ்வளவு இழுத்தாலும் அவ்வளவையும் ஒரே விற்பனையாளர் தருவார். விற்பவர் பெரிய மின்நிறுவனமாகவோ, பல ஊர்கள் சேர்ந்து அமைத்த கூட்டுக் கொள்முதல் முகமையாகவோ இருக்கலாம். அளவு, நேரம், இடம் ஆகிய மூன்று ஆபத்துகளும் பெரும்பாலும் அவருடையவை. மின்கொள்முதலுக்கென்று தனி ஆள் வைக்க முடியாத சிறிய ஊருக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை.

விலை ஆபத்துதான் ஒளிந்திருக்கும் இடம். 'நிலையான விலை' என்று முதல் பக்கத்தில் இருக்கும். பின்னிணைப்பில் திறன் கட்டணம், மின்தொடரமைப்புக் கட்டணம், துணைச்சேவைகள் (மின்னோட்டத்தைச் சீராக வைத்திருக்கும் பணிகள்) எல்லாம் 'உள்ளபடி வசூலிக்கப்படும்' என்றிருக்கும். மேலே பார்த்த 28.92-லிருந்து 329.17 வரையிலான ஏற்றம் முழுவதும் அந்த 'உள்ளபடி' என்ற ஒரு சொல் வழியாக உள்ளே வந்துவிடும். சட்டம் மாறினால் விலையை மாற்றலாம் என்ற ஷரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். சந்தை விதி மாறுவதும் சட்டமாற்றமே என்று சேர்த்திருந்தால், விலை நிலையாக இருப்பது பெயரளவுக்குத்தான்.

காலம் இன்னொரு விலை. அமெரிக்க மத்திய அரசின் மின்நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 2019-இல் தன்னிடம் வாங்கும் உள்ளூர் மின்துறைகளுக்கு ஓர் ஒப்பந்தம் நீட்டியது. கட்டணத்தில் 3.1 சதவீதத் தள்ளுபடி உண்டு. பதிலுக்கு, விலக வேண்டுமானால் 20 ஆண்டு முன்னறிவிப்பு. சொந்த உற்பத்திக்குத் தேவையில் 5 சதவீதம் வரை இடம் தரப்பட்டது. பெரும்பாலானவை கையெழுத்திட்டன. ஆணையத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளரான மெம்ஃபிஸ் நகர மின்துறை கையெழுத்திடாமல் பழைய ஐந்தாண்டு முன்னறிவிப்பிலேயே நின்றது. நிற்பதற்கும் விலகுவதற்கும் ஆகும் செலவைப் பல ஆண்டு அலசிய பிறகு எடுத்த முடிவு அது. பெரிய ஊருக்கு விலகும் உரிமையே பேரம் பேசும் பலம். 15 மெகாவாட் ஊருக்கு அந்தப் பலம் இல்லை, தள்ளுபடியை வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

## வழி 2: சந்தையில் அடுக்கடுக்காக வாங்குவது

முழுத்தேவையையும் ஒருவரிடம் ஒப்படைக்காமல், துண்டு துண்டாக முன்கூட்டியே வாங்கிக் கட்டுவது இது. இதற்கு ஒழுங்கு வேண்டும். வசந்தகால நள்ளிரவில் ஊர் இழுக்கும் குறைந்தபட்சச் சுமையைக் கண்டுபிடியுங்கள். நம் ஊரில் அது 14 மெகாவாட் என்றால், அந்த அளவுக்கு இரவுபகல் ஓடும் நிலையான துண்டு. அதன்மேல் வார நாட்களின் 16 மணி நேரத் துண்டு ஒரு 8 மெகாவாட். கோடை மாதங்களுக்குத் தனியாக இன்னொன்று. இவற்றை ஒரே நாளில் வாங்கக் கூடாது. தேவைப்படும் காலத்துக்கு 36 மாதம் முன்பிருந்து காலாண்டுக்கு ஒரு பகுதியாக வாங்கி, ஓராண்டுக்கு முன் 70 முதல் 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும். மீதிக்குச் சந்தையை நம்பலாம், கையிருப்பு இடங்கொடுத்தால்.

இடங்கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸ் சந்தையின் விலை ஒரு மெகாவாட்-மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாட்கணக்கில் நின்றது. முன்கூட்டி வாங்காத 30 மெகாவாட்டுக்கு அந்த விலையில் ஒரு நாள் செலவு 64.8 லட்சம் டாலர். நம் ஊரின் 90 நாள் கையிருப்பு அந்த ஒரு நாளுக்குக்கூடப் போதாது. அந்த மாநிலத்தின் பிராசோஸ் மின்கூட்டுறவு அமைப்பு மார்ச் 1 அன்றே திவால் மனு போட்டது. பிறகு உச்சவரம்பை 5,000 டாலராகக் குறைத்தார்கள். மேற்கண்ட கணக்கில் அதைப் போட்டாலும் நாளுக்கு 36 லட்சம்.

அதிகமாக வாங்கிவிடுவதும் பிழைதான். வழக்கத்தைவிடக் குளுமையான ஏப்ரல் இரவில் ஊர் 12 மெகாவாட் மட்டும் இழுத்தால், வாங்கிய 14-இல் மீதி 2 மெகாவாட்டை அப்போதைய அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டும். ஊரின் பெரிய ஆலை ஒன்று மூடப்பட்டால் இது ஆண்டு முழுக்க நடக்கும்.

புதிதாக இறங்குபவர்களைத் திகைக்க வைப்பது பிணைத்தொகை. மெகாவாட்-மணி 60 டாலருக்கு வாங்கிய துண்டின் சந்தை விலை 40-க்கு இறங்கினால், ஊர் ஒப்பந்தத்தை முறித்தால் தனக்கு நட்டம் என்று விற்றவர் பிணை கேட்பார். விலை இறங்கும்போதும் பணம் முடங்கும் என்பது நகரமன்றத்தில் யாருக்கும் எளிதில் புரியாது. கையெழுத்துக்கு முன்பே, எத்தனை டாலர் வரை பிணையில்லாக் கடன் என்று வரம்பு எழுதிக்கொள்ளுங்கள்.

இடவேறுபாட்டையும் மறக்க வேண்டாம். பெரிய வர்த்தக மையத்தில் ஒப்படைக்கப்படும் மின்சாரம் ஊர் வாசலுக்கு வரும்போது விலை மாறும். பி.ஜே.எம். போன்ற சந்தைகளில் இந்த நெரிசல் செலவை ஈடுகட்டும் வருவாய் உரிமைகளை மின்வாங்குவோருக்கு ஆண்டுதோறும் ஒதுக்குகிறார்கள். எந்தத் தடம் வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டுப் பெற வேண்டும். கவனிக்க ஆளில்லாத ஊர்கள் இதைக் கோட்டைவிடுகின்றன. முகமையோ ஆலோசகரோ வைத்துச் செய்தால் அந்தக் கூலியையும் யூனிட் விலையில் கூட்டிவிட்டுத்தான் வழி 1-உடன் ஒப்பிட வேண்டும்.

## வழி 3: மின்நிலையத்தில் பங்கு, அல்லது 20 ஆண்டுக் கொள்முதல்

திறன் விலை ஏறும் காலத்தில் சொந்தப் பங்கு அருமையான கவசம். ஒரு கையால் கட்டும் திறன் கட்டணம் இன்னொரு கையில் வரவாகத் திரும்பி வருகிறது. நகர மின்துறை வரிவிலக்குக் கடன்பத்திரம் வெளியிடலாம் என்பதால் தனியாரைவிடக் கடன் மலிவு.

கட்டுமானத்தின் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் இதன் வரலாறு. வாஷிங்டன் மாநிலத்தில் 88 பொதுத்துறை மின் அமைப்புகள் பங்கேற்ற 4, 5-ஆம் எண் அணுமின் நிலையங்கள் பாதியில் கைவிடப்பட்டன. 1983-இல் 225 கோடி டாலர் கடன்பத்திரங்கள் திவாலாயின. அண்மைக்கால உதாரணம் ஜார்ஜியாவின் வோக்டில் 3, 4 அணு உலைகள். ஜாக்சன்வில் நகரின் மின்துறை அவற்றிலிருந்து 20 ஆண்டு மின்சாரம் வாங்க ஒப்புக்கொண்டிருந்தது. செலவு எகிறியதும் 2018-இல் விலக முயன்று வழக்காடி, 2020-இல் சமரசத்துக்கு வந்தது. உலைகள் முழுமையாக இயங்க ஆரம்பித்தது 2023 ஜூலையிலும் 2024 ஏப்ரலிலும், திட்டமிட்டதைவிட ஏறத்தாழ ஏழாண்டு பிந்தி. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் 'வந்தாலும் வராவிட்டாலும் பணம் கட்டு' என்பதே அடிப்படை விதி.

யூட்டா மாநில ஊர்களின் கூட்டு முகமை சிறு அணு உலைத் திட்டத்தில் இறங்கியபோது கட்டம் கட்டமாக விலகும் வாய்ப்புகளை ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தது. 2020-இலேயே சில ஊர்கள் இறங்கிக்கொண்டன. மதிப்பிட்ட விலை மெகாவாட்-மணிக்கு 58 டாலரிலிருந்து 89 டாலருக்கு ஏறி, போதிய ஊர்கள் சேராததால் 2023 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. போட்ட காசில் கொஞ்சம் போனது, ஊர்கள் பிழைத்தன. பங்கு ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியவை இரண்டு: இந்த விலகல் படிகள், அடுத்து, இன்னோர் ஊர் பணம் கட்டத் தவறினால் அதன் பங்கில் எத்தனை சதவீதம் வரை நம் தலையில் ஏறும் என்ற ஷரத்து.

சூரிய மின்சாரக் கொள்முதலில் கட்டுமான ஆபத்து குறைவு, நேர ஆபத்து அதிகம். நண்பகலில் கொட்டும், உச்சம் தொடும் மாலை 6 மணிக்கு மெலியும். சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் மணிகளில் உற்பத்தியை நிறுத்தினால் பணம் யார் கட்டுவது என்று எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். மத்திய அரசின் 2022 சட்டத்துக்குப் பின், வரி கட்டாத நகராட்சியும் தூய மின்சாரத் திட்டங்களுக்கான வரிச்சலுகையை நேரடிப் பணமாகப் பெறலாம். 2025 ஜூலைச் சட்டம் சூரிய, காற்றுத் திட்டங்களுக்கு இதைச் சுருக்கிவிட்டது. 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானம் துவங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2027 இறுதிக்குள் இயங்கத் தொடங்க வேண்டும். விலைப்புள்ளி தருபவர் சலுகையைக் கணக்கில் எடுத்திருந்தால், அது கிடைக்காதபோது விலை என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

## வழி 4: ஊருக்குள்ளேயே பேட்டரி, எஞ்சின்

இது மற்ற வழிகளோடு சேர்ந்துதான் வேலை செய்யும். நோக்கம் யூனிட் உற்பத்தி இல்லை, உச்ச மணியில் ஊர் இழுப்பதைக் குறைப்பது. பி.ஜே.எம்.-இல் திறன் கட்டணத்தின் பங்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரை அமைப்பு முழுமைக்கும் சுமை மிக அதிகமாக இருந்த ஐந்து நாட்களின் உச்ச மணியில் ஊர் இழுத்ததை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த ஐந்து மணிகளிலும் 5 மெகாவாட் பேட்டரி ஓடினால், 329.17 விலையில் அடுத்த ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் டாலர் மிச்சம். ஒன்றைத் தவறவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு, 1.2 லட்சம் போச்சு. எந்த ஐந்து என்பது கோடை முடிந்த பிறகே உறுதியாகும். எனவே சந்தேகப்படும் 15, 20 நாட்களிலும் ஓட்ட வேண்டும். நான்கு மணி நேர பேட்டரியாக இருந்தால்தான் உச்சம் 4 மணிக்கா 7 மணிக்கா என்று ஜோசியம் பார்க்காமல் தப்பலாம்.

மாசசூசெட்ஸின் ஸ்டெர்லிங் என்ற சிற்றூர் 2016 டிசம்பரிலேயே 2 மெகாவாட், 3.9 மெகாவாட்-மணி பேட்டரி நிறுவியது. அந்தப் பகுதியில் திறன் கட்டணத்துக்கு ஆண்டின் ஒரே ஒரு உச்ச மணியும், மின்தொடரமைப்புக்கு மாதாந்திர உச்சமும் அடிப்படை. மாநில மானியமும் கைகொடுத்ததால் கணக்கு அழகாகக் கூடியது. மானியமில்லாமல் அதே விடை வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மறைசெலவுகள்: ஏற்றி இறக்குவதில் சுமார் 15 சதவீத இழப்பு, ஆண்டுக்கு இத்தனை சுழற்சிக்கு மேல் போனால் ரத்தாகும் உத்தரவாதம், தீயணைப்புத் துறைக்குப் பயிற்சி, இணைப்புக்கான டிரான்ஸ்பார்மர். கடைசியாகச் சொன்னதுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டிவரலாம், பேட்டரிக்கு முன்பே அதற்கு ஆர்டர் போடுங்கள். டீசல் எஞ்சின் மலிவு. ஆனால் 'அவசரகாலம்' என்று அனுமதி பெற்ற எஞ்சினை உச்சக் குறைப்புக்கு ஓட்டுவதைச் சுற்றுச்சூழல் விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. புகைபோக்கியில் வினையூக்கி பொருத்தி அனுமதியை மாற்ற வேண்டும்.

பேட்டரி வாங்குவதற்கு முன் வழி 1 ஒப்பந்தத்தைத் திரும்பப் படிக்கவும். சொந்த உற்பத்தியையோ சேமிப்பையோ தடுக்கும் ஷரத்து இருந்தால், மிச்சமாகும் பணம் விற்பனையாளருக்கே போகும்.

## வழி 5: விற்றுவிடுவது

ஃப்ளோரிடாவின் வீரோ பீச் நகரம் 2018 டிசம்பரில் தன் மின்துறையை அருகிலிருந்த தனியார் நிறுவனத்துக்கு 18.5 கோடி டாலருக்கு விற்றது. அதில் 10.8 கோடி கூட்டு முகமையின் பொறுப்புகளிலிருந்து விடுபடவும், 2 கோடி இன்னொரு கொள்முதல் ஒப்பந்தத்தை முடிக்கவும் போய்விட்டது. விற்பனை விலையில் கண்ணை வைப்பதற்கு முன், ஏற்கெனவே கையெழுத்திட்ட நீண்டகால ஒப்பந்தங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் மின்துறை நகரின் பொது நிதிக்குக் கொடுத்துவந்த தொகையும் நின்றுபோகும்.

விற்றதைத் திரும்ப வாங்குவது கனவிலும் கடினம். கொலராடோவின் போல்டர் நகரம் தனியாரிடமிருந்து மின்விநியோகத்தை எடுத்துக்கொள்ளப் பத்தாண்டு போராடி 2020-இல் கைவிட்டது. மின்கம்ப வேலைக்கு ஆளே கிடைக்காத, ஒற்றைப் பழைய துணைமின் நிலையத்தை நம்பியிருக்கும் மிகச் சிறிய ஊருக்கு மட்டும் இதைப் பரிசீலிக்கச் சொல்லலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | ஊரிடம் தங்கும் ஆபத்து | கையிருப்பு | வெளியேற்றம் | பொருந்தும் ஊர் |
|---|---|---|---|---|
| முழுத்தேவை | 'உள்ளபடி' கட்டணங்கள் | 90 நாள் போதும் | மிகக் கடினம் | 20 மெகாவாட்டுக்குக் கீழே, கொள்முதல் ஆளில்லை |
| அடுக்குக் கொள்முதல் | நான்கும் | 150 நாளுக்கு மேல், பிணை தனி | எளிது | பெரியது, அல்லது நல்ல முகமை உள்ளது |
| பங்கு / 20 ஆண்டு | கட்டுமானம், நேரம் | நடுத்தரம் | படிகள் எழுதியிருந்தால் மட்டும் | நிலையான சுமை. தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குள் |
| பேட்டரி / எஞ்சின் | உச்ச மணியைத் தவறவிடுவது | முதலீடு மட்டும் | விற்கலாம், நட்டத்துடன் | சுமைக் காரணி 55-க்குக் கீழே |
| விற்பனை | எதுவும் இல்லை, உரிமையும் இல்லை | - | திரும்ப வழியில்லை | நடத்தவே ஆளில்லாதது |

மெகாவாட், சதவீத எல்லைகள் எங்கள் தோராய மதிப்பீடு. சந்தைக்குச் சந்தை நகரும்.

## எதை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

கொள்முதல் விலை மாற்றத்தை மின்கட்டணத்தில் தானாகச் சேர்க்கும் சரிக்கட்டல் சூத்திரம் இல்லாத ஊர், ஐந்தில் எதையும் தொடக் கூடாது. மாதாமாதம் மாற்றினால் மக்கள் கத்துவார்கள், ஆண்டுக்கு ஒருமுறை என்றால் கல்லா வற்றும். மூன்று மாதச் சுழல் சராசரி நடைமுறைக்கு ஒத்துவருகிறது. தேர்தல் வருகிறதென்று சூத்திரத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தால், நம் ஊரில் 2 சென்ட் ஏற்றம் மாதம் 2.9 லட்சம் டாலர் வீதம் சேர்ந்து 17.5 லட்சமாகும். 49 லட்சம் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. பிறகு அதை வசூலிக்க ஏற்றும் கட்டணம், நிறுத்தாமல் விட்டிருந்தால் ஏறியிருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

தரவுமையம் ஒன்று 30 மெகாவாட் கேட்டு வந்தால் மேலே சொன்ன அத்தனை கணக்கும் குலையும். ஒப்பந்தத் தேவையில் பெரும்பகுதிக்குக் குறைந்தபட்சக் கட்டணம், பத்தாண்டு உறுதி, துணைமின் நிலையச் செலவு முழுவதும் முன்பணம், விலகினால் ஈடு ஆகியவை கையெழுத்தாகும் வரை அந்தச் சுமையை எந்தக் கொள்முதல் திட்டத்திலும் சேர்க்க வேண்டாம்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்போதைய ஒப்பந்தத்தை எடுத்து, அது முடியும் தேதியை விட்டுவிட்டு முன்னறிவிப்புக் கெடுவைத் தேடுங்கள். குறித்த நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் தானாக ஐந்தாண்டு நீளும் என்ற வரி பல ஒப்பந்தங்களில் உண்டு. அந்தக் கெடு முடிவுத் தேதிக்கு மூன்று ஆண்டு முன்னதாகவே விழலாம். கண்டுபிடித்ததும் நகரமன்றச் செயலர், வழக்கறிஞர், மின்துறைத் தலைவர் மூவரின் நாட்காட்டியிலும் அதைக் குறித்துவிடுங்கள்.